மேடை ஒன்று, மேசை முப்பது

பினாங்கில் மாநாடு நடத்தப் போகிறோம் என்று சொன்னால் முதல் கேள்வி, "யாரு பேச வர்றாங்க?" அடுத்த கேள்வி, "சாப்பாடு உண்டா?" சாப்பாட்டுக்கு எங்களிடம் ஆரம்பத்திலேயே பதில் இருந்தது. பேச்சாளருக்கு இல்லை. ஆள் கிடைக்காமல் இல்லை. திறமூல வன்பொருள், அதாவது யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று வரைபடத்தைத் திறந்துவிட்ட கருவிகள்; அதன் ஆர்வலர்களைக் கூட்டும்போது மேடையிலிருந்து தொடங்கினால் கதை கெட்டுப்போகும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். குழுவில் இருந்த மற்ற நால்வரும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாதத்தையும், அதற்குப் பிறகு நடந்த கூத்தையும் எழுதிவைக்கிறேன். ஈப்போவிலோ கிள்ளானிலோ யாராவது இதே மாதிரி ஒன்றை நடத்த நினைத்தால் பயன்படும்.

என் பக்கத்து நியாயம் இது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு பெக்டரியில் டெஸ்ட் டெக்னீஷியன். அம்மாவும் பெக்டரிதான். 1972இல் அங்கே தடையற்ற வணிக வட்டாரம் திறந்து, இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, பாஷ் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கிய பிறகு, எழுபதுகளின் கடைசியில் அம்மா வேலைக்குச் சேர்ந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்திலிருந்து உலோகக் காலுக்கு இழுத்து ஒட்டுகிற வேலை. இன்றைக்கு உலகத்துச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்கிறார்கள். அதில் எங்கள் தீவின் பங்கு சின்னதல்ல. இங்கே தெருவுக்கு நாலு வீட்டிலாவது சர்க்யூட் போர்டைத் தொட்ட கை ஒன்று இருக்கும்.

ஆனால் தொட்டதில் எதையும் வீட்டுக்கு எடுத்துவந்து, "இது நான் செஞ்சது" என்று காட்ட முடியாது. வாசலில் காவலாளி கைப்பேசிக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார். தான் கம்பி இழுத்த சில்லு எந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது என்று ஓய்வு பெறும்வரை அம்மாவுக்குத் தெரியாது. இப்படி ஐம்பது வருஷமாக அடுத்தவர் பொருளைச் செய்த ஊரில் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மறுபடி இன்னொருவர் பேச்சைக் கேள் என்றால் எப்படி? சொந்தமாக ஒன்றைச் செய்தவர் அதைப் பரப்பிவைக்க இடம் வேண்டும். வருகிறவர் அதைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஹார்ட்வேர்காரர்கள் எதைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

கடைசியில் மேடை ஒன்று, மேசை முப்பது என்று முடிவானது. மேடையையும் மண்டபத்தின் பின்கோடியில் போட்டோம். பேச்சு ஒவ்வொன்றும் பத்து நிமிடம். மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ், எதில் வேண்டுமானாலும் பேசலாம்.

மேசை வாங்க ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தோம், அதற்குத்தான் சண்டை. செய்த பொருளோடு, திருத்தக்கூடிய மூலக் கோப்பும் பொதுவில் இருக்க வேண்டும், உரிமம் என்னவென்று எழுதியிருக்க வேண்டும். சர்க்யூட் படத்தைப் பிடிஎஃப் ஆக்கிப் போட்டுவிட்டு "ஓப்பன்" என்று சொல்கிறவர்கள் நிறைய. பிடிஎஃபைப் பார்க்கலாம், ஒரு மின்தடையை இடம் மாற்ற முடியாது. கெர்பர் கோப்பும் அப்படித்தான். போர்டு அடிக்கிற கடைக்கு அது போதும், ஆனால் எந்தக் கோடு எந்தக் காலுக்குப் போகிறது என்ற அறிவு அதில் இல்லை. கீகேட் மாதிரி ஒரு மென்பொருளில் வரைந்த அசல் கோப்பைக் கொடுத்தால்தான் அடுத்தவர் தொடர முடியும். கீகேட் 1992இல் தொடங்கியது, இலவசம், ஐரோப்பாவின் செர்ன் அணு ஆய்வகமே ஆள் போட்டு வளர்த்தது. அதே செர்ன்தான் 2011இல் வன்பொருளுக்கென்று தனி உரிமம் எழுதி, 2020இல் இரண்டாம் பதிப்பை மூன்று வகையாகப் பிரித்துக் கொடுத்தது. மாற்றினால் மாற்றியதையும் திறந்துவிடு என்று கறாராகச் சொல்வது ஒன்று, கொஞ்சம் தளர்வானது ஒன்று, என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்பது ஒன்று. எந்த வகை என்று நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. ஏதாவது ஒன்றை எழுதிவை என்பதோடு சரி. உரிமம் எழுதாத கோப்பு, பூட்டைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு போன வீடு மாதிரி. உள்ளே போகலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாது.

"எல்லாத்தையும் குடுத்துட்டா நான் என்னத்த விக்கிறது?" என்று ஒரு தம்பி கோபமாகக் கேட்டான். நியாயமான கேள்வி. ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டு 2005இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் ஒரு வடிவமைப்புப் பள்ளியில் பிறந்தபோதே போர்டின் வரைபடத்தைத் திறந்துவிட்டார்கள். பெயரை மட்டும் வணிகச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். அதே மாதிரி போர்டை யாரும் செய்து விற்கலாம், ஆனால் ஆர்டுயினோ என்று பெயர் போடக் கூடாது. ரொம்ப தூரம் போக வேண்டாம், நம்ம பினாங்கிலேயே இருக்கிற சைட்ரான் கம்பெனி 2018இல் மேக்கர் ஊனோ என்று ஒன்று கொண்டுவந்தது. ஆர்டுயினோ ஊனோவோடு ஒத்துப்போகிற போர்டு. டிஜிட்டல் கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்இடியையும் ஒரு பஸ்ஸரையும் போர்டிலேயே வைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பிரெட்போர்டும் கம்பியும் இல்லாமலே முதல் பாடம் நடக்கும். திறந்த பொருளை எடுத்து, தன் ஊருக்குத் தேவையானதைச் சேர்த்து விற்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது. தம்பி சமாதானமாகவில்லை, ஆனால் மேசை எடுத்தான்.

பணத்தைவிடப் பெரிய தடை பயம். இதை வெளியூர்க்காரர்கள் எழுதி நான் படித்ததில்லை. பெக்டரியில் வேலை செய்கிற எஞ்சினியர் ஒருவர், வீட்டில் மீன் தொட்டிக்காக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்திருக்கிறார், அருமையான வேலை. மேசை எடுங்கள் என்றால் பதிலே இல்லை. பிறகு ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் ஆறும்வரை யோசித்துவிட்டு, "எக்கா, என் கான்ட்ராக்ட்ல என்னென்னமோ எழுதியிருக்கு" என்றார். பயம் காரணமில்லாதது அல்ல. நம் நாட்டின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 20ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை வேலைக்காகச் செய்த கண்டுபிடிப்பின் உரிமை முதலாளிக்கே என்கிறது. கண்டுபிடிப்பது உன் வேலையில்லை என்றாலும்கூட, முதலாளியின் துறையிலேயே, அவர் கொடுத்த தகவலையோ கருவியையோ வைத்துச் செய்திருந்தால் அதுவும் அவர் பக்கம்தான் போகும். உனக்கு நியாயமான ஓர் ஊதியம் கேட்கலாம், அவ்வளவுதான். ஆகவே நாங்கள் ஒரு பக்கத்தில் ஒரு தாள் தயாரித்தோம். சொந்த நேரம், சொந்தக் கருவி, சொந்தக் காசில் வாங்கிய சாமான், முதலாளியின் தொழிலோடு சம்பந்தமில்லாத பொருள். இந்த நான்கையும் தனக்குத்தானே கேட்டுப் பார்க்கச் சொல்லும் தாள். சந்தேகம் இருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போ, எங்களிடம் கேட்காதே என்றும் எழுதினோம். மீன் தொட்டி எல்லாக் கேள்வியிலும் தேறியது.

கழுத்து அட்டையில் கம்பெனிப் பெயரும் பதவியும் போடாமல் விட்டதும் இதனால்தான். பினாங்கில் பெயரைக் கேட்டவுடன் "எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்பார்கள். அன்றைக்கு ஒரு நாள் கேட்காமல் இருந்தார்கள் என்று சொல்ல ஆசை. கேட்டார்கள்.

தேதி. தைப்பூசம், சீனப் பெருநாள், நோன்பு மாதம், தீபாவளி, பள்ளி விடுமுறை, செப்டம்பர் அக்டோபர் மழை எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சியது ஜூலையில் ஒரு சனிக்கிழமை. நேரம்தான் முக்கியம். ஒன்பதிலிருந்து ஐந்து என்று மாநாடு வைத்தால் பெக்டரி ஆள் பாதிப் பேர் வர முடியாது. ஏழுக்கு ஏழு ஷிப்ட். பகல் ஷிப்ட் முடித்தவர் எட்டு மணிக்குத்தான் வந்து சேர்வார், ராத்திரி ஷிப்ட் முடித்தவர் மத்தியானம் வரை தூங்க வேண்டும். காலை பத்திலிருந்து இரவு பத்து வரை திறந்து வைத்தோம். மண்டபக்காரர் இரண்டாம் வேளை வாடகையையும் வாங்கிக்கொண்டார். அந்தக் காசுக்கு நான் வருத்தப்படவில்லை. எட்டு மணிக்குச் சீருடையோடு வந்தவர்கள்தான் மேசையில் அதிக நேரம் நின்றார்கள்.

கழுத்து அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் ராத்திரிகள் அதில்தான் போயின. இந்த மாதிரி மாநாடுகளில் அட்டையே ஒரு போர்டு, வருகிறவர் அங்கேயே உட்கார்ந்து ஈயம் வைத்து (சால்டரிங் செய்து) முடித்து மாட்டிக்கொள்வார். வடிவம், பிளந்த ஜாதிக்காய். பாலிக் புலாவ் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தோல் வெடித்தால் உள்ளே கருத்த கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை மாதிரி ஜாதிபத்திரி. போர்டு முழுக்கச் சிவப்பு மாஸ்க், அதாவது மேற்பூச்சு. கொட்டை இருக்கிற இடத்தில் மட்டும் மாஸ்க்கும் செம்பும் இல்லாமல் எஃப்ஆர்4 என்ற வெறும் கண்ணாடியிழைப் பலகை. பின்பக்கத்திலிருந்து எல்இடியைக் கவிழ்த்து வைத்தால் அந்த மங்கிய மஞ்சள் பலகை வழியாக வெளிச்சம் கசிந்து, கொட்டை தணல் மாதிரி தெரியும்.

மூளை எது என்பதில் மூன்று கட்சி. குழுவிலேயே இளையவன், கைப்பேசி பழுது பார்க்கும் தம்பி, ஈஎஸ்பி32 என்ற வைஃபை சில்லைப் போட்டு அட்டைகளை வைஃபையில் ஒன்றோடொன்று பேசவைக்கலாம் என்றான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வானலை விடும் கருவி எதுவானாலும் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் விதிப்படி சிரிம் என்ற தர அமைப்பின் சான்று வேண்டும். நாங்களே வடிவமைத்த ரேடியோ போர்டை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து பொதுமக்கள் கழுத்தில் மாட்டிவிட எனக்குத் துணிச்சல் இல்லை. ஏடிடைனி85 சில்லு எல்லாருக்கும் பழக்கம், ஆனால் விலை. கடைசியில் சிஎச்32வி003. டபிள்யூசிஎச் கம்பெனியின் சில்லு, மொத்தமாக வாங்கினால் பத்து அமெரிக்கக் காசு அளவில் முடியும், 48 மெகாஹெர்ட்ஸ், 16 கிலோபைட் நினைவகம், ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பு. ரிஸ்க்-ஃபைவ் 2010இல் பெர்க்லியில் தொடங்கிய திறந்த கட்டளைத் தொகுப்பு என்பதால், "அப்ப சில்லும் ஓப்பன்தானே" என்று தம்பி குதித்தான். இல்லை. கட்டளைகளின் பட்டியல் திறந்தது, சில்லின் உள்வரைபடம் அந்தக் கம்பெனியின் பெட்டிக்குள்தான். இதை அட்டையின் பின்புறம் ஒரு வரியில் அச்சடிக்கவே செய்தோம், இந்தக் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள் என்று தெரியும். ஒருத்தர் விடாமல் கேட்டார்கள்.

இந்தச் சில்லுக்கு 2.7 வோல்டுக்குக் கீழே போகக் கூடாது. நாணய மின்கலம் 3 வோல்டில் தொடங்கி, எல்இடி எரிந்ததும் தலையைத் தொங்கப்போட்டுவிடும். அதோடு சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்று ஏஏஏ மின்கலம் வைத்தோம். கனம்தான். கழுத்து வலிக்கிறது என்று முனகினவர்களும் உண்டு.

சில்லுகள் வெறுமையாக வரும், ஒவ்வொன்றிலும் நிரலை ஏற்ற வேண்டும். பகலெல்லாம் செய்கிற வேலையை ராத்திரி வீட்டிலும் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது, ஏனென்றால் போர்டைப் பிடித்து நிரல் ஏற்றுகிற இந்தச் சட்டம், இந்த ஜிக், எனக்கே எனக்கு. ஒரு அக்ரிலிக் பலகை, அதில் போர்டின் திருகுத் துளைகளுக்குள் நுழைகிற மாதிரி இரண்டு எஃகு ஊசிகள். அவைதான் போர்டை ஒரே இடத்தில் உட்காரவைக்கும். நடுவில் மூன்று போகோ பின், ஸ்பிரிங் வைத்த ஊசிகள்: ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று நிரல் போகிற ஒற்றைக் கம்பி. பின் முனையில் ஊசி, கிண்ணம், கிரீடம் என்று பல வடிவம் உண்டு. ஈயம் பூசிய பேடில் (போர்டின் செம்புத் திட்டில்) கிரீடம்தான் பிடிக்கும், நாலு பல்லில் ஏதாவது ஒன்று அழுக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். மேலே ஒரு கிளாம்ப். போர்டை வை, கிளாம்பைத் தள்ளு, 'டக்', நிரலை ஏற்றும் மினிசிஎச்லிங்க் ஓடும், எல்இடி கண் சிமிட்டும், எடு. ஜிக்கின் கோப்பையும் திறந்துவிட்டோம். எங்கள் விதி எங்களுக்கும்தானே.

போர்டு ஷென்ஜென்னில் அடித்து வந்தது. பட்ஜெட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2024 ஜனவரி முதல், இணையத்தில் வெளிநாட்டில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. சின்னச் சின்னப் பொட்டலமாக வரவழைத்துத் தப்பிக்கலாம் என்ற பழைய யோசனையை மறந்துவிடுங்கள்.

மின்சாரம் பற்றி மண்டபக்காரரிடம் கேட்டால் "போதும், போதும், இங்க கல்யாணமே நடக்குது" என்பார். கல்யாணத்தில் இருபது சால்டரிங் இரும்பு கிடையாது. இரும்பு ஒன்றுக்கு 60 வாட் வைத்தாலும் இருபதுக்கு 1200 வாட், 230 வோல்டில் ஐந்து ஆம்பியர் சொச்சம், அது பெரிதில்லை. தொல்லை கசிவில். ஒவ்வொரு லேப்டாப் சப்ளையும், 3டி பிரிண்டரும் எர்த்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் கிடந்த பழைய இரும்பு இன்னும் கொஞ்சம் கசியும். எல்லாம் ஒரே சர்க்யூட்டில் சேர்ந்தால், கசிவைக் கண்டால் மின்சாரத்தை வெட்டுகிற 30 மில்லியாம்பியர் ஆர்சிடி பாதியைத் தாண்டியதுமே விழுந்துவிடலாம், விதி அதற்கு இடம் கொடுக்கிறது. யாருக்கும் ஷாக் அடிக்காமலே மண்டபம் இருண்டுவிடும். ஆகவே முதல் நாளே போய் எந்தச் சாக்கெட் எந்தச் சர்க்யூட் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சுவரில் வண்ண டேப் ஒட்டினோம். பிரிண்டர்கள் நீலம், இரும்புகள் மஞ்சள், தேநீர்க் கொதிகலன் தனி. ஹீட் கன் கொண்டுவந்தவர்களை வாசல் பக்கத்துச் சாக்கெட்டுக்கு நாடு கடத்தினோம்.

இப்போது ஆன்ட்டிகள்.

சால்டரிங் கற்றுத்தர யாரைப் போடுவது என்ற பேச்சு வந்தபோது பாலிடெக்னிக் மாணவர்களைக் கேட்கலாம் என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இந்தத் தீவில் முப்பது வருஷம் இதையே செய்து ஓய்வு பெற்ற கைகள் சும்மா இருக்கின்றனவே? அம்மாவுக்குக் கண் இப்போது சரியில்லை, ஈயம் வைக்க முடியாது. அதனால் அவர் போன் வேலையை எடுத்துக்கொண்டார். பழைய லைன் சிநேகிதிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "சும்மாத்தானே இருக்க, வா" என்றார். சுங்கை டுவா ஆன்ட்டி வந்தார், ஆயர் ஈத்தாம் ஆன்ட்டி வந்தார், அவர்களோடு டச் அப் (போர்டைக் கையால் சரிசெய்யும்) பகுதியில் வேலை செய்த ஒரு மக்சிக், மலாய் ஆன்ட்டி, தன் சொந்த லூப்பை, உருப்பெருக்கியை, கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். தொண்டூழியர் என்று சொல்லி டி-சட்டையோடு அனுப்பிவிடலாம் என்று குழுவில் ஒரு பேச்சு இருந்தது. மேடையில் பேசுகிறவருக்கு என்ன உறையோ அதே உறை இவர்களுக்கும் என்று நான் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் வருவார்கள் என்பதால் காரீயம் கலக்காத சால்டர்தான் வாங்கியிருந்தோம். வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5. பழைய வெள்ளீயம்-காரீயம் 63/37 கலவை 183 டிகிரியில் உருகும், இது 217 தாண்டியாக வேண்டும், கற்றுக்கொள்கிறவருக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆன்ட்டிகளுக்கு அந்த மாற்றம் நன்றாக நினைவிருந்தது. 2006 ஜூலையில் மின்னணுப் பொருளில் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரோஸ் விதி அமலுக்கு வந்ததை ஒட்டி அவர்கள் லைனும் மாறியது. "அதுக்கு முன்னால பளபளன்னு இருந்தாத்தான் பாஸ். மங்கலா இருந்தா கோல்ட் ஜாயின்ட், ரிஜெக்ட். புது ஈயம் வந்ததும் எல்லாமே மங்கல். நல்லதும் மங்கல், கெட்டதும் மங்கல். ஒரு மாசம் எங்களுக்குக் கண்ணே குழம்பிப் போச்சு" என்றார் சுங்கை டுவா ஆன்ட்டி. பிறகு பளபளப்பை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்க்கப் பழகினார்களாம். ஈயத்தின் விளிம்பு பேடின் மேல் மெல்லிசாகப் படுத்து இறங்குகிறதா, இல்லை உருண்டு நிற்கிறதா என்று.

சாயங்காலம் ஒரு இளைஞர் தன் அட்டையைக் கொண்டுவந்தார். டிசைன் எஞ்சினியர் என்று பிறகுதான் தெரியும். எல்இடி எரியவில்லை. சில்லை மாற்ற வேண்டும் என்பது அவர் முடிவு. ஆன்ட்டி வாங்கி, நேராகப் பார்க்கவில்லை. விளக்குக்குக் கீழே போர்டைச் சாய்த்து, வெளிச்சம் ஓரமாக ஓடும்படி மெதுவாகத் திருப்பினார். "இந்தக் கால், தம்பி. ஈயம் காலைப் பிடிச்சிருக்கு, பேடைப் பிடிக்கல. உருண்டையா நிக்குது பாருங்க." லூப்பில் பார்த்தால் மயிரிழைக்கு ஒரு கறுப்புக் கோடு. "இரும்ப வச்சு ஈயத்தச் சுடாதீங்க. காலையும் பேடையும் சேத்துச் சுடுங்க. ஒன்னு, ரெண்டு, இப்ப ஈயம், அதுவா ஓடி வரும். எடுத்துருங்க." அவர் கையைப் பிடிக்கவில்லை, விரலால் மேசையில் தாளம் மட்டும் தட்டினார். எல்இடி எரிந்தது. அந்த எஞ்சினியர் எழுந்து போகாமல், போர்டில் ஈயம் வைத்தது தேறுமா என்று சொல்லும் ஐபிசி 610 தரநிலையில் இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் என்ன வித்தியாசம் பார்ப்பீர்கள் என்று கேட்டு, ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பின்கோடி மேடையில் அப்போது யார் பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை.

கூட்டம் அதிகம் கூடிய இன்னொரு மேசை, தண்ணீர்ப் பந்தல் விளக்குத் தம்பியுடையது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் பாதையில் பந்தல் போடுகிற இளைஞர் கூட்டத்தில் ஒருவன். டபிள்யூஎஸ்2812பி எல்இடிப் பட்டையை டபிள்யூஎல்இடி என்ற திறமூல நிரலில் ஓட்டுகிறான். ஒரு எல்இடி முழு வெள்ளையில் 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும், முந்நூறு வைத்தால் 18 ஆம்பியர். ஒரு முனையிலிருந்து மட்டும் மின்சாரம் கொடுத்தால் கடைசி விளக்குக்குப் போவதற்குள் 5 வோல்ட் சுருங்கி, வெள்ளை பழுத்து மஞ்சளாகிவிடும். நடுநடுவே மின்சாரத்தை ஊட்டவும், ஊட்டும் இடத்துக்கெல்லாம் ஒரு ஃபியூஸ் வைக்கவும், 3.3 வோல்ட் சைகையை 5 வோல்டாக உயர்த்தவும் சேர்த்து ஒரே போர்டு வரைந்திருந்தான். கீகேட் கோப்போடு. ஃபியூஸ் எதற்கு என்று கேட்டதற்கு, "கூட்டத்துல யாரோ பட்டைய மிதிச்சு ஷார்ட் ஆச்சு, எக்கா, கம்பி புகைய ஆரம்பிச்சிருச்சு" என்றான். அந்த போர்டின் கோப்பை அன்றைக்கே மூன்று பந்தல்காரர்கள் பெண்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓப்பன் ஹார்ட்வேர் உச்சி மாநாடு 2010இல் நியூயார்க்கில் தொடங்கியபோது இதையெல்லாம் நினைத்திருப்பார்களா தெரியாது.

அவனிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். ஓஎஸ்எச்டபிள்யூஏ என்ற திறமூல வன்பொருள் சங்கம் 2016 முதல் திறமூல வன்பொருளுக்குச் சான்று கொடுக்கிறது. கட்டணம் இல்லை, விதிகளுக்கு உட்படுகிறேன் என்று நாமே உறுதி கொடுத்துப் பதிய வேண்டும். எண்ணுக்கு முன்னால் நாட்டின் ஈரெழுத்துக் குறி வரும். எம்ஒய் என்று தொடங்கும் எண் ஒன்றைப் பந்தல் போர்டின் மேல் அச்சடிக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

காசு விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் 25 ரிங்கிட், மாணவர்களுக்கு 5. இலவசம் என்றால் பெயர் கொடுத்துவிட்டு வரமாட்டார்கள், அட்டைச் சாமான் வீணாகும். ஆதரவாளராக வர முன்வந்த ஒரு கம்பெனி அரை மணி நேர மேடையும் வருகிறவர்கள் எல்லாருடைய மின்னஞ்சல் பட்டியலும் கேட்டது. மேடையைக் கூடக் கொடுத்திருப்பேன். பட்டியலைக் கொடுக்க மாட்டோம் என்றதும் பேச்சு நின்றுபோனது. மத்தியானம் நாசி கண்டார், சைவத்துக்குத் தனிப் பொட்டலம். கறிக் கையோடு போர்டைத் தொட்டவர்களுக்கென்று ஆல்கஹால் துடைப்பான் ஒரு பெட்டி.

அடுத்ததைப் பெருநிலத்தில் வைக்க வேண்டும் என்று மேசைக்காரர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்தான் பெட்டியும் பிரிண்டருமாகப் பாலத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. தீவுக்காரர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் ஆன்ட்டிகளை யார் காடியில் ஏற்றிக்கொண்டு போவது என்று முதலில் தெரிய வேண்டும். அவர்கள் ஏற்கெனவே நிபந்தனை வைத்துவிட்டார்கள்: சாய்மானம் உள்ள நாற்காலி, நல்ல மேசை விளக்கு, மூன்று மணிக்குத் தேநீர் இடைவேளை, அப்புறம் புகையை முகத்திலிருந்து இழுக்கிற விசிறி ஆளுக்கு ஒன்று. விசிறியை எங்கள் குழுத் தம்பி வரைய ஆரம்பித்துவிட்டான். மேசைக்கு எழுதுகிறவர்கள் கோப்பையும் உரிமத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். பிடிஎஃப் அனுப்பினால் இந்த முறையும் திருப்பித்தான் அனுப்புவேன்.